மிக்ஸட் ரியாலிட்டி ஹெட்செட்: மாட்டிக்கொள்பவர் ஒருவர்... கேமராவில் விழுவது மொத்தக் குடும்பம்!

மிக்ஸட் ரியாலிட்டி ஹெட்செட் பற்றிய ரிவ்யூக்களில் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான் வரும். திரை எவ்வளவு துல்லியம்? பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? கொடுக்கிற காசுக்குத் தகுமா? இவையெல்லாம் அதை மாட்டிக்கொள்பவரின் கேள்விகள். அதே அறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பவருக்கு இதனால் என்ன ஆகிறது என்று கேட்கும் ரிவ்யூவைப் பார்ப்பது அரிது.

நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஹெட்செட்டை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி, சென்னையில் எங்கள் வாடகை வீட்டில் பயன்படுத்திப் பார்த்தேன். அம்மா, அப்பா, அப்பத்தா, விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், நான் என ஐந்து பேர் இருக்கும் இரண்டு பெட்ரூம் வீடு. எந்த நிறுவனம், எந்த மாடல் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. இது ரிவ்யூவும் இல்லை.

ஒரு வாரத்தில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் தனி அறையில் தனியாக இருக்கும் ஒருவரை மனதில் வைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நம்மில் பலருடைய வீடு அப்படி இல்லை. எனவே, இந்தக் கருவி நம் வீடுகளுக்குள் பரவலாக வருவதற்கு முன்பே அதற்கான வீட்டு விதிகளை நாம் பேசிவைத்துக்கொள்வது நல்லது. ஏன் என்று பார்க்கலாம்.

மிக்ஸட் ரியாலிட்டி என்றால் என்ன?

ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். இடது முனையில் நாம் வெறும் கண்ணால் பார்க்கும் நிஜ உலகம். வலது முனையில் முழுக்க முழுக்க கணினி உருவாக்கிய உலகம், அதாவது விர்ச்சுவல் ரியாலிட்டி. இரண்டுக்கும் நடுவில் வரும் எல்லாமே மிக்ஸட் ரியாலிட்டி. பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்ட கட்டுரையில் இப்படி ஒரு கோட்டை வைத்துத்தான் இதை விளக்கினார்கள்.

2016-ல் இளைஞர்களைத் தெருத் தெருவாக அலையவிட்ட போக்கிமான் கோ விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? போன் கேமராவில் தெரியும் தெருவில் ஒரு பொம்மை வந்து நிற்கும். அது இந்தக் கோட்டில் நிஜ உலகத்துக்குப் பக்கத்தில் இருப்பது. இப்போதைய ஹெட்செட்கள் இன்னும் கொஞ்சம் தூரம் போகின்றன. பொம்மை உங்கள் கட்டிலுக்குப் பின்னால் போனால் மறையும். மேஜை மேல் ஏறி உட்காரும். பந்தை எறிந்தால் சுவரில் பட்டுத் திரும்பும். இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் கட்டில் எங்கே, மேஜை எங்கே, சுவர் எங்கே என்று கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, அது உங்கள் அறையை அளந்து வைத்திருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தலையில் மாட்டும் திரை என்பதே புதிய விஷயம் அல்ல. அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் 1968-லேயே அப்படி ஒன்றைச் செய்து காட்டினார். கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவுக்கு அது கனம். 2014-ல் ஆக்குலஸ் நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு ஃபேஸ்புக் வாங்கியது. 2016-ல் மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸ் 3,000 டாலர் விலையில் வந்தது. ஆனால் அது மென்பொருள் உருவாக்குபவர்களுக்கும் நிறுவனங்களுக்கும்தான் பயன்பட்டது. சாதாரண வீடுகளைக் குறிவைத்த போட்டி சூடுபிடித்தது அக்டோபர் 2023-ல் மெட்டா குவெஸ்ட் 3, பிப்ரவரி 2024-ல் ஆப்பிள் விஷன் புரோ ஆகியவை வந்த பிறகுதான். அக்டோபர் 2025-ல் சாம்சங்கும் கேலக்ஸி எக்ஸ்ஆர் மூலம் களத்தில் இறங்கியது.

பார்ப்பது அறையை அல்ல, அறையின் நேரலையை!

ஹெட்செட்டை மாட்டியதும் உங்கள் அறை அப்படியே தெரியும். கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கும். உண்மையில் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருப்பது வெளிச்சம் ஊடுருவாத பெட்டி. வெளியில் இருக்கும் கேமராக்கள் அறையைப் படம்பிடிக்கின்றன. உள்ளே இருக்கும் சிப் அந்தக் காட்சிகளை ஒட்டுப்போட்டு, உங்கள் இரு கண்களுக்கும் தக்கபடி திருத்தி, இரண்டு சின்னத் திரைகளில் காட்டுகிறது. இதற்கு 'பாஸ்த்ரூ' என்று பெயர். நம் வீட்டுக்குள்ளேயே நடக்கும் நேரலை ஒளிபரப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, தாமதம். நீங்கள் தலையைத் திருப்பிய பிறகு காட்சி கொஞ்சம் லேட்டாக வந்தால்கூட தலை சுற்றும். விஷன் புரோவில் 12 கேமராக்கள் இருக்கின்றன. அவற்றின் காட்சியை 12 மில்லிசெகண்டுக்குள் திரைக்குக் கொண்டுவருவதற்காகவே ஆர்1 என்ற தனி சிப்பை ஆப்பிள் வைத்திருக்கிறது.

இரண்டாவது, துல்லியம். நல்ல பார்வை உள்ள மனிதக் கண்ணுக்கு இணையாக இருக்க, பார்வையின் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 60 பிக்சல் வேண்டும். குவெஸ்ட் 3-ன் பாஸ்த்ரூ கேமராக்கள் தருவது 18. பார்வைப் பரப்பும் அப்படித்தான். இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் சுமார் 200 டிகிரி வரை பார்க்கும். குவெஸ்ட் 3-ல் அது 110 டிகிரி. ஓரக்கண்ணால் பார்ப்பது என்று சொல்வோமே, அது கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடுகிறது.

மாட்டியதும் எப்படி இருந்தது?

முதல் பத்து நிமிடம் வெறும் பிரமிப்புதான். பீரோவுக்கு மேலே காலியாக இருந்த சுவரில் தியேட்டர் சைஸ் திரையை மாட்டினேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், திரை மாட்டிய இடத்திலேயே இருக்கிறது. நாம் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையை இல்லாத பொருளிடமும் ஏற்படுத்திவிடுகிறது. அங்கேதான் நான் அசந்துபோனேன்.

அம்மா கொண்டுவந்த காபி டம்ளரைக் கழற்றாமலேயே வாங்கிக் குடிக்க முடிந்தது. கை, டம்ளர், ஆவி எல்லாம் தெரிந்தன. ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் வரும்போது பொருள்களின் விளிம்பு லேசாக நெளிந்தது. போனில் வந்த மெசேஜைப் படிக்க போனை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருந்தது. விர்ச்சுவல் விளையாட்டுகளில் வரும் குமட்டல் மட்டும் இதில் அவ்வளவாக இல்லை. சுற்றிலும் நிஜ அறை தெரிவதால், நடப்பதாகக் கண் சொல்வதும் நிற்பதாகக் காது சொல்வதும் மோதிக்கொள்வது குறைகிறது. உடலின் சமநிலையை உணரும் உறுப்பு உள்காதில் இருக்கிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கண் ஏன் வலிக்கிறது? ஒரு விரலை நீட்டி, மெதுவாக மூக்குக்கு அருகில் கொண்டுவாருங்கள். இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்பும். கூடவே, கண்ணில் இருக்கும் லென்ஸும் கிட்டப் பார்வைக்குத் தகுந்தபடி மாறும். இரண்டும் ஜோடியாக நடப்பவை. ஹெட்செட்டில் பொருள் அருகில் வருவது போலத் தெரிந்தால் கண்கள் திரும்பும். ஆனால் திரையின் குவியத் தூரம் மாறுவதே இல்லை. இந்த ஜோடி பிரிவதுதான் கண் சோர்வுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அதோடு எடை. குவெஸ்ட் 3 515 கிராம். 2024-ல் வந்த விஷன் புரோ 600 முதல் 650 கிராம், பேட்டரி தனி. அரைக் கிலோ பருப்புப் பாக்கெட்டை முகத்தில் கட்டிக்கொண்டு படம் பார்ப்பதாக நினைத்துப் பாருங்கள். சென்னை வெயிலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வியர்வையும் தலை எண்ணெயும் முகத்தைத் தொடும் பஞ்சில் சேர்ந்துவிடுகின்றன. பாட்டில் பாட்டிலாகத் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் குடும்பத்தில் அந்தப் பஞ்சை தினமும் துடைக்க வேண்டியிருந்தது.

நம் வீட்டுக்குள் வந்தால்...

அறையில் நடமாடி விளையாட குறைந்தது 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலி இடம் வேண்டும் என்பது மெட்டாவின் பரிந்துரை. பத்துக்குப் பத்து அறையில் கட்டில், பீரோ, துணி மடித்து வைக்கும் நாற்காலி எல்லாம் போக, மிஞ்சுவது ஒரு பாய் விரிக்கும் இடம். எங்கள் வீட்டில் விர்ச்சுவல் டேபிள் டென்னிஸ் மேஜை கட்டிலை ஊடுருவிக்கொண்டு நின்றது. கையை உயர்த்தினால் மேலே ஃபேன்.

பீரோ கண்ணாடி இன்னொரு தலைவலி. இடத்தைக் கேமரா மூலம் அடையாளம் காணும் கருவிக்கு, கண்ணாடியில் தெரியும் அறையும் அறை மாதிரியே தெரியும். அதனால் கண்ணாடிகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வெளிச்சம் குறைந்தால் கைகளை அடையாளம் காணத் திணறும். எனவே, 'லைட்டை ஆஃப் பண்ணிட்டுப் படம் பார்க்கலாம்' என்ற வழக்கமான ஆசை இதில் நடக்காது. ஜன்னலோரத்தில் மட்டும் கழற்றி வைத்துவிடாதீர்கள். லென்ஸ் மீது நேரடி வெயில் பட்டால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவது போல உள்ளே திரையைப் பொசுக்கிவிடும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லைகள். பீரோ மேல் போர்வையைப் போட்டு மூடலாம், கட்டிலை நகர்த்தலாம். நகர்த்த முடியாதது, அறையில் இருக்கும் மற்றவர்களை.

'அதுல நானும் தெரியறேனா?'

இந்தக் கருவி அறையை ஸ்கேன் செய்யும், கேமரா ஓடிக்கொண்டே இருக்கும் என்று எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அப்பா 'சரி' என்றதோடு பேப்பருக்குள் போய்விட்டார். அம்மா மட்டும் "அதுல நானும் தெரியறேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த நிமிடம் கொடியில் கிடந்த துண்டை எடுத்து நைட்டி மேல் போட்டுக்கொண்டார்.

கேஸ் சிலிண்டர் போடுபவர் வந்தால், கொரியர் வந்தால், பக்கத்து வீட்டு அண்ணன் சாவி கேட்டு வந்தால் அம்மா செய்வது இது. வெளியாள் வந்தால் எடுக்கும் துண்டு. ஹெட்செட்டைப் போட்டிருப்பது பெற்ற மகள்தான். ஆனாலும் அந்தக் கேமராக்களை அவர் வெளியாளாகவே எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க, நான் அதைக் கையில் எடுத்தாலே துண்டு தோளுக்குப் போனது. பிரைவசி பாலிசி எதையும் படிக்காமலேயே அவர் சரியான முடிவுக்கு வந்திருந்தார் என்பது என் கருத்து.

அப்பத்தாவின் புகார் வேறு. எதிரில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு, "ஏத்தா, நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கது உன் கண்ணுக்குத் தெரியுதா இல்லையா?" என்றார். எனக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். அவருக்கு என் கண் தெரியவில்லை.

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சனும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் பாஸ்த்ரூ ஹெட்செட்டுகளை மாட்டிக்கொண்டு அன்றாட வாழ்க்கையில் நடமாடிப் பார்த்து, 2024-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எதிரில் இருக்கும் நிஜ மனிதர்கள் உண்மையில் அங்கே இல்லாதது போல, திரையில் வருபவர்கள் போலத் தோன்றுவதை அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். 'சோஷியல் ஆப்சென்ஸ்' என்பது அவர்கள் வைத்த பெயர். பக்கத்தில் இருந்தும் இல்லாமல் போவது என்று சொல்லலாம். பார்க்கப்படுபவர்தான் அப்படி ஆகிறார் என்பதைக் கவனியுங்கள்.

ஆப்பிளும் இந்தச் சிக்கலை உணர்ந்தே இருக்கிறது. விஷன் புரோவின் வெளிப்பக்கத்தில் ஒரு திரையை வைத்து, அணிந்திருப்பவரின் கண்களைப் போன்ற ஓர் உருவத்தை எதிரில் இருப்பவருக்குக் காட்டுகிறது. கண் தெரியாமல் பேசுவது மனிதர்களுக்கு ஒத்துவராது என்று ஒப்புக்கொண்டதால்தானே அந்தத் திரை?

அது எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது?

மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, அறை. சுவர், தரை, கட்டில், மேஜை ஆகியவற்றின் முப்பரிமாண வரைபடம். வீடு எவ்வளவு பெரியது, எத்தனை கட்டில், என்ன மாதிரிப் பொருள்கள் என்பதெல்லாம் இதிலிருந்து ஊகிக்கக்கூடியவை. விளம்பர உலகத்துக்கு இது எவ்வளவு ருசியான தகவல் என்று சொல்லத் தேவையில்லை. குவெஸ்டில் ஒரு செயலி இந்த வரைபடத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இரண்டாவது, கேமரா காட்சி. ஆரம்பத்தில், வெளி நிறுவனங்களின் செயலிகள் பாஸ்த்ரூ கேமராவை நேரடியாகத் தொட முடியாமல் மெட்டா பூட்டிவைத்திருந்தது. 2025-ல் அந்தப் பூட்டைத் திறந்து, பயனர் அனுமதித்தால் செயலிகளும் கேமரா காட்சியைப் பெறலாம் என்று மாற்றியது. எதிரில் இருக்கும் பொருளை அடையாளம் காண்பது, எழுத்தை மொழிபெயர்ப்பது போன்ற நல்ல பயன்பாடுகளுக்கு இது தேவைதான். ஆனால் 'பயனர்' என்றால் யார்? மாட்டியிருப்பவர். 'அலவ்' பட்டன் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். காட்சியில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பத்தாவுக்கோ அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டதே தெரியாது.

மூன்றாவது, உடல். தலை, கை, சில கருவிகளில் கண் ஆகியவற்றின் அசைவு. 'கையை ஆட்டுவதில் என்ன ரகசியம்?' என்று தோன்றலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, பீட் சேபர் என்ற விளையாட்டை ஆடிய 55,000-க்கும் மேற்பட்டவர்களின் தலை, கை அசைவுகளை ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டது. வெறும் 100 வினாடி அசைவை வைத்தே, அது யாருடையது என்று 94 சதவீதத்துக்கும் அதிகமான துல்லியத்துடன் அந்தக் கூட்டத்திலிருந்து கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள் நம் ஊரில். அதையே கணினி இன்னும் நுட்பமாகச் செய்கிறது. கண் பார்வை விஷயத்தில் ஆப்பிள் கொஞ்சம் கவனமாக இருக்கிறது. நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பது செயலிகளுக்குப் போகாது, விரலைத் தட்டித் தேர்வு செய்யும்போது அந்தத் தேர்வு மட்டும்தான் போகும் என்கிறது.

'போன் கேமரா மட்டும் என்னவாம்?'

நியாயமான கேள்வி. போன், சிசிடிவி, லேப்டாப் என்று வீட்டில் ஏற்கெனவே எத்தனையோ கேமராக்கள். இதற்கு மட்டும் ஏன் இத்தனை பதற்றம்?

வித்தியாசம் இருக்கிறது. போனில் படம் எடுக்க வேண்டுமென்றால் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எதிரில் இருப்பவருக்கு அது தெரியும். 'ஏய், எடுக்காத' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைக்கும். சிசிடிவி எந்த இடத்தைப் பார்க்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மிக்ஸட் ரியாலிட்டி ஹெட்செட்டில் கேமரா ஓடாவிட்டால் கருவியே வேலை செய்யாது. நான் எங்கே திரும்பினாலும் அதுவும் திரும்பும். வீடியோ பதிவாகும்போது வெளியே அறிகுறி காட்டும் வசதி இருக்கிறது. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு என்ன அர்த்தம் என்று எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு யார் சொல்லித்தருவது?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வீட்டுக்கு வந்த திரைகளை வரிசையாக யோசித்துப் பாருங்கள். டிவி ஹாலில் இருந்தது, எல்லோரும் சேர்ந்து பார்த்தோம், ரிமோட்டுக்குச் சண்டை போட்டோம். போன் வந்தபோது அவரவர் மூலைக்குப் போனோம். அப்போதும், 'என்னடி பாத்துச் சிரிக்கிற?' என்று எட்டிப்பார்க்க முடிந்தது. ஹெட்செட்டில் எட்டிப்பார்க்கவே வழியில்லை. உள்ளே இருப்பவர் வீடு முழுவதையும் பார்ப்பார், வெளியே இருப்பவர் எதையும் பார்க்க முடியாது.

சட்டம் காப்பாற்றாதா?

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதற்கான விதிகள் நவம்பர் 2025-ல் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. தகவலைக் கையாளும் நிறுவனங்கள் ஒப்புதல் பெற வேண்டும், 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கின்றன. ஆனால், ஒரு தனிநபர் தன் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ தகவலைக் கையாண்டால் இந்தச் சட்டம் பொருந்தாது.

அது சரியும்கூட. கல்யாண ஆல்பத்துக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் ஒப்புதல் படிவம் கேட்டால் நாடு தாங்காது. ஆனால் இதன் பொருள், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அம்மா முன்னால் உட்காரும் மகளை இந்தச் சட்டம் ஒன்றும் கேட்காது என்பதுதான். நிறுவனத்தை அது கேட்கலாம். அறைக்குள் நடப்பதற்கு வீட்டில் இருப்பவர்கள்தான் பொறுப்பு.

இப்போதே ஏன் பேச வேண்டும்?

விஷன் புரோ வந்தபோது விலை 3,499 டாலர், அப்போதைய மதிப்பில் சுமார் 2.9 லட்சம் ரூபாய். 'நமக்கெதுக்கு' என்று கடந்துபோகலாம். ஆனால் அதே 2024-ன் அக்டோபரில் குவெஸ்ட் 3எஸ் 299.99 டாலருக்கு வந்தது. சுமார் 25,000 ரூபாய். வரி, இறக்குமதிச் செலவு தனி என்றாலும், நடுத்தர விலை போன் ஒன்றின் அளவுக்கு இறங்கிவிட்டது. மெட்டாவில் இந்தக் கருவிகளைச் செய்யும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவுக்கு 2024-ல் மட்டும் 1,770 கோடி டாலர் இழப்பு. நம் மதிப்பில் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய். போனுக்கு அடுத்து மக்கள் கையில் எடுக்கப்போவது இதுதான் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் இவ்வளவு பணத்தைக் கொட்ட மாட்டார்கள்.

போன் வந்தபோது நாம் முதலில் பழகினோம், பிறகுதான் 'சாப்பிடும்போது போன் வேண்டாம்' என்று சொல்ல ஆரம்பித்தோம். அதற்குள் பழக்கம் கைமீறிப் போயிருந்தது. இதில் வரிசையை மாற்றிப் பார்க்கலாமே.

நான் இந்தக் கருவிக்கு எதிரி இல்லை. படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு இது ஒரு ஜன்னலாக இருக்கலாம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு விர்ச்சுவல் ரியாலிட்டி சிகிச்சையை அமெரிக்காவின் எஃப்டிஏ 2021-லேயே அங்கீகரித்திருக்கிறது. இதயத்தின் நான்கு அறைகளை மேஜை மேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் மாணவருக்குப் பாடப்புத்தகப் படம் போதாது என்று தோன்றும். வேண்டாம் என்று தள்ள முடியாத ஒன்று என்பதால்தான் விதிகள் தேவை என்கிறேன்.

வீட்டில் என்னென்ன விதிகள் வைக்கலாம்?

சொல்லிவிட்டு மாட்டுங்கள்: ஒவ்வொரு முறையும் 'போட்டுக்கப்போறேன்' என்று ஒரு வார்த்தை. துண்டு எடுக்கவோ, வேறு அறைக்குப் போகவோ மற்றவர்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

இடம் ஒதுக்குங்கள்: ஒரே ஓர் அறை, அதில் ஒரு பக்கம். யாராவது தூங்கும், உடை மாற்றும் அறை வேண்டாம்.

டிவியில் காட்டுங்கள்: நீங்கள் பார்ப்பதை போனிலோ டிவியிலோ காட்டும் 'காஸ்ட்' வசதி பல ஹெட்செட்டுகளில் இருக்கிறது. எங்கள் வீட்டில் நான்காம் நாள் இதைச் செய்தோம். அப்பா டேபிள் டென்னிஸ் ஆட, மற்றவர்கள் டிவியில் பார்த்துக் கிண்டலடிக்க, அந்த வாரத்தின் நல்ல சாயங்காலம் அதுதான்.

பேச வந்தால் கழற்றுங்கள்: எதிரில் இருப்பவர் தெரிகிறாரே என்று மாட்டியபடியே பதில் சொல்லாதீர்கள். உங்கள் கண் அவருக்குத் தெரிய வேண்டும்.

குழந்தைகளுக்கு வயது பாருங்கள்: அக்கா மகனுக்கு ஏழு வயது. "சித்தி, எனக்கு ஒரே ஒரு தடவை" என்று வாரம் முழுக்கக் கெஞ்சினான். மெட்டா 2023-ல் தன் குறைந்தபட்ச வயதை 13-லிருந்து 10-ஆகக் குறைத்தது. 10 முதல் 12 வயது வரை பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கு கட்டாயம். ஆப்பிள் 13 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறது. தயாரித்தவர்களே வேண்டாம் என்று சொல்லும் வயதில் நாம் தாராளம் காட்ட வேண்டியதில்லை. அவனுக்கும் டிவியில்தான் காட்டினோம்.

அனுமதியைக் குறையுங்கள்: விளையாட்டு ஒன்று அறை வரைபடம் கேட்டால் காரணம் இருக்கலாம். படம் பார்க்கும் செயலிக்குக் கேமரா எதற்கு? தேவை புரியாவிட்டால் மறுத்துவிடுங்கள். இரவல் கொடுக்கும்போதோ, விற்கும்போதோ சேமித்த அறை விவரங்களை அழித்துவிடுங்கள். நானும் திருப்பிக் கொடுக்கும் முன் எங்கள் வீட்டு வரைபடத்தை அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஹெட்செட் வாங்க நினைப்பவர்கள் கடைக்காரரிடம் கேட்க நிறைய கேள்விகள் இருக்கும். அதற்கு முன்னால் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: 'நான் இதை மாட்டிக்கிட்டு உங்க நடுவுல உக்காந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?' யாராவது ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னால், அவருக்கு டெக்னாலஜி புரியவில்லை என்று தள்ளிவிடாதீர்கள். கேமராவுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கும் அந்தக் கருவியைப் பற்றிக் கருத்துச் சொல்ல முழு உரிமை இருக்கிறது.